முப்பத்தொரு நோட்டுகளோடு திருவண்ணாமலையில்

1979 ஆகஸ்டு 9, வியாழக்கிழமை; ஆடி 24. பிற்பகல் இரண்டேகால் மணிக்குத் திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் இறங்கினேன். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் கடிகாரம் ஒன்றுதான் என்பதால் முள்ளைத் திருப்பி வைக்கும் வேலை இல்லை. மற்றப் பல விஷயங்களைத்தான் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எங்கள் மாத்தளையில் எந்தப் பக்கம் பார்த்தாலும் பச்சை. இங்கே மலை செம்பழுப்பாக, வெயிலில் வறுத்தெடுத்ததுபோல் நின்றது.

வாசலில் ஜட்கா பிடித்தேன். வண்டிக்காரர் அறுபது வயது பாய். எந்த ஊர் என்று கேட்டார். மாத்தளை என்றேன். சேலத்துப் பக்கமா என்றார். இலங்கை என்றதும் கடிவாளத்தை விட்டுவிட்டுத் திரும்பினார். “சிலோனா? உங்க ரேடியோவுலதான சார் நாங்க பாட்டு கேக்கறோம்” என்று, அதில் நானே பாடியவன்போல மரியாதையைக் கூட்டினார். குதிரை அதெல்லாம் பார்க்கவில்லை. பெட்டிக்கடை வந்தால் தானாக நின்றது. பாய் பீடி வாங்கும் கடைகள் அத்தனையும் அதற்கு மனப்பாடம். நான்கு கடைகளில் நின்று, அரைமைல் தூரத்தை நாற்பது நிமிடத்தில் கடந்து, கோயிலின் கீழைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த விடுதியில் இறங்கினேன்.

விடுதிக்குக் கீழே டீக்கடை. பால் இல்லாத டீ கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, “வயிறு சரியில்லீங்களா?” என்றார். எங்கள் ஊரில் நல்ல உடம்புக்காரர்கள் குடிப்பதே அதுதான் என்று சொன்னேன். நம்பவில்லை. எலுமிச்சை பிழிந்து கொடுத்தார். ஊரை விட்டுக் கிளம்பும்வரை அந்தக் கடையில் என் பெயர் ‘வயித்துவலி சார்’.

என் தகரப் பெட்டியில் துணிமணி குறைவு. முக்கால்வாசி இடத்தை முப்பத்தொரு பள்ளி நோட்டுகள் அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றைக் கொண்டுவரத்தான் கடல் தாண்டினேன். தபாலில் போட்டால் இரண்டு மாதம் ஆகிறது. முப்பது வருடம் தபால் கந்தோரில் வேலை பார்த்தவன் என்பதால் இதை நான் சொல்லலாம்.

நோட்டுகளின் கதை இது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு பத்திரிகையில், சோழர் காலக் கோயில் ஒன்றைப் பற்றித் திருவண்ணாமலைப் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருந்தார். அதில் ஓர் ஆண்டு பிழை. ஆண்டுப் பிழை கண்டால் தபாலட்டை போடுவது என் வழக்கம். பெரும்பாலோர் பதில் போடுவதில்லை. இவர் போட்டார். பிழை தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டு, கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: “உங்கள் கரையிலிருந்து பார்த்தால் அந்த ஆண்டு எப்படித் தெரிகிறது?” அவர்தான் கனகவல்லி டீச்சர்.

ஒன்பதாம் வகுப்புக்குச் சரித்திரம் எடுக்கிறார். அவருடைய பாடப்புத்தகத்தில் போர்கள் நாற்பது பக்கம் வருகின்றன. கடைசியில் ஒரே ஒரு பக்கம், நாம் எல்லோரும் உலகக் குடிமக்கள் என்று சொல்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து பரீட்சையில் கேள்வி வருவதில்லை. கேள்வி வராத பக்கத்தை எப்படி நடத்துவது என்று யோசித்து டீச்சர் ஒரு முறை கண்டுபிடித்தார். ஒவ்வொரு போரையும் பிள்ளைகள் இரண்டு தரம் எழுத வேண்டும். முதல் தரம் புத்தகத்தில் உள்ளபடி. இரண்டாம் தரம், தோற்ற ஊரில் பிறந்த ஒரு பிள்ளையாக. கடைசிப் பக்கத்தைக் காலியாக விட வேண்டும். அந்தப் பக்கம் தோற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு. அவர்கள் படித்துத் திருத்தம் எழுதுவார்கள்.

தோற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு எங்கே போவது? சோழர்கள் ஈழம் வென்ற பாடம் வந்தபோது எனக்குக் கடிதம் போட்டார். மாத்தளையில் என் தெருவிலேயே சிங்களப் பள்ளி ஆசிரியை சோமாவதி இருக்கிறார். எழுபத்தேழில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தில் எங்கள் ஜன்னல்கள் உடைந்து போனபோது மூன்று நாள் எங்களைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டவர். அவர் சரி என்றார். இங்கிருந்து நோட்டுகள் வரும். நான் சிங்களத்தில் எழுதித் தருவேன். அவருடைய வகுப்புப் பிள்ளைகள் கடைசிப் பக்கத்தில் எழுதுவார்கள். அதற்குக் கீழே நான் தமிழில் எழுதித் திருப்பி அனுப்புவேன். நான் கொண்டுவந்தது மூன்றாவது கட்டு.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடம் போனேன். மைதானத்தில் சுதந்திர தினத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். கனகவல்லி டீச்சரைக் கடிதத்தில்தான் தெரியும். நேரில் ஒல்லியாக, வேகமாக நடக்கிறவராக இருந்தார். “வாங்க சார், சாப்பிட்டீங்களா?” என்றவர், நான் பதில் சொல்லுமுன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

பள்ளியின் தாளாளர் அனுப்பிய நோட்டீஸ். ஒரு பெற்றோர் மனு கொடுத்திருக்கிறார்: பிள்ளைகளை எதிரி நாட்டுக்காரர்களாக எழுதச் சொல்கிறார்கள், தேசப்பற்று கெடுகிறது என்று. திங்கட்கிழமை நான்கு மணிக்கு டீச்சர் நோட்டுகளோடு வந்து விளக்கம் தர வேண்டும். விளக்கம் திருப்தி இல்லையென்றால் வேலையிலிருந்து நிறுத்தப்படுவார்.

மனு கொடுத்தவர் மாணிக்கம், ஓய்வுபெற்ற ராணுவ ஹவில்தார். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம். அவர் மகள் பச்சையம்மாள்தான் வகுப்பிலேயே நன்றாக எழுதுகிறவள்.

நான் பயந்துபோனேன். டீச்சர் பயந்ததாகத் தெரியவில்லை. “நல்ல நேரத்துல வந்தீங்க. அந்தப் பிள்ளைங்க எவ்ளோ மரியாதையா திருத்தம் எழுதுறாங்க! அதப் படிச்சுக் காட்டினா போதும் சார். எனக்கு வேற சாட்சி வேணாம்” என்றார்.

அந்த மரியாதை என்னுடையது.

இதை இங்கே எழுதிவிடுகிறேன். மூன்று கட்டுகளிலும் ஆண்டுகளையும் தேதிகளையும் ஒன்றுவிடாமல் சரிபார்த்தேன். ஆனால் சிங்களப் பிள்ளைகள் சுடச்சுட எழுதியதை எல்லாம் தமிழில் ஆறவைத்தேன். சிலவற்றை விட்டேவிட்டேன். இங்கிருந்து போன வீரப் பேச்சையும் சிங்களத்தில் அதேபோல் தணித்தேன். என் ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் ஒரு வரி எங்கே போய் எதைக் கொளுத்தும் என்று எனக்குப் பயம். ஊருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். இரண்டு பள்ளிகளும் ஒன்றையொன்று புரிந்துகொண்டதாக நம்பின. உண்மையில் இரண்டும் என்னோடுதான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன.

டீச்சரிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சனிக்கிழமை விடியற்காலை மலையைச் சுற்றும் பாதையில் அடி அண்ணாமலைவரை நடந்தேன். அங்கே ஒரு கடையில் இட்லிக்கு வடைகறி ஊற்றினார்கள். எங்கள் ஊரில் இட்லி என்பது சட்னிக்காகச் சாப்பிடுவது. இங்கே வடையைப் பிய்த்துக் குழம்பாக்கி இட்லிமேல் ஊற்றுகிறார்கள். இரண்டு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டேன். திரும்பும்போது மழைத் தூறல். காலில் செம்மண் அப்பிக்கொண்டு, செருப்பு ஒன்றுக்கு அரைக்கிலோ கூடியது.

அன்று அரைநாள் பள்ளிக்கூடம். வகுப்புக்கு டீச்சர் என்னை அழைத்துப் போனார். முப்பத்தொரு பேருக்கும் நோட்டுகள் கொடுக்கப்பட்டன. எல்லோரும் முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்கள். சிங்கள எழுத்தைப் பார்த்து ஒருவன், எல்லாம் ஜாங்கிரியாக இருக்கிறது என்றான். வகுப்பு சிரித்தது. ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு, தங்களுக்கு வந்த திருத்தத்தைச் சத்தமாகப் படித்தார்கள். ‘அழகாக எழுதியிருக்கிறாய்.’ ‘அக்காலத்தில் எங்கள் நகருக்கும் இழப்பு ஏற்பட்டது.’ ‘உங்கள் கருத்துக்கு நன்றி.’ எல்லாம் என் நடை. முப்பது வருடம் தந்தி எழுதிய கையின் நடை.

இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். நெற்றியில் விபூதி, காதில் சின்னத் தோடு. அவள்தான் பச்சையம்மாள்.

“சார், இங்க அவங்க ஒம்போது வரி எழுதிக்கிறாங்க. நீங்க ஒரு வரிதான் எழுதிக்கிறீங்க.”

“அவர்கள் மொழி அப்படி. கொஞ்சம் நீளும்” என்றேன்.

“ஒம்போது வரியா நீளும்?” என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். மறுபடியும் சிரிப்பு. பச்சையம்மாள் சிரிக்கவில்லை. உட்கார்ந்து, படிக்கத் தெரியாத அந்த ஒன்பது வரிகளின்மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தாள். டீச்சர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மணி அடித்ததும் திங்கட்கிழமைக்காக நோட்டுகளை எல்லாம் திரும்ப வாங்கி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் ஹவில்தாரைப் பார்க்கக் கிளம்பினேன். மனுவைத் திரும்பப் பெற வைத்துவிட்டால் நோட்டுகளை யாரும் திறக்க மாட்டார்கள் என்பதுதான் என் கணக்கு. கோழைத்தனம் என்று அப்போதே தெரிந்தது.

பாதி வழியில் பஸ் பங்சர். இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் மடியிலிருந்து அவித்த மல்லாட்டையை எடுத்து எல்லோருக்கும் ஒரு கை கொடுத்தார். நிலக்கடலைக்கு இங்கே அதுதான் பெயர். சித்தூர்ப் பக்கத்திலிருந்து கோயிலுக்கு வந்த கணவனும் மனைவியும் தெலுங்கில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். என்ன சண்டை என்று அம்மாளிடம் கேட்டேன். “அந்த அம்மா சொல்லுது, நம்ம ஊர்லியே இருந்திருந்தா இந்நேரம் ரெண்டு தூக்கம் போட்டிருக்கலாம்னு. அந்த ஆளு சொல்றாரு, உன் தூக்கத்துக்கு ஸ்டேட்டு எல்லையா கீதுன்னு.” சொல்லிவிட்டு இன்னொரு கை மல்லாட்டை கொடுத்தார்.

ஹவில்தாரின் கிராமத்தில் அன்று மாரியம்மன் கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றினார்கள். பெரிய அண்டாக்களில் கேழ்வரகுக் கூழ். ஆளுக்கொரு சொம்பு ஏந்தி வரிசை. ஊர் பேர் கேட்காமல் என் கையிலும் ஒரு சொம்பைத் திணித்தார்கள். ஊற்றிக்கொண்டிருந்தவர்களில் உயரமாக, நரைத்த மீசையோடு, கரண்டியைக்கூட விறைப்பாகப் பிடித்திருந்தவர்தான் மாணிக்கம் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. நான் யார் என்று சொன்னேன். முகம் மாறியது. ஆனாலும், “மொதல்ல கூழக் குடிங்க சார். அப்பறம் பேசலாம்” என்றார். முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. புளிப்பும் உப்புமாக அந்தக் கூழ் வெயிலுக்கு அமிர்தமாக இருந்தது. எங்கள் ஊரில் இதற்கு ஈடாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

பிறகு அவர் வீட்டு வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டுப் பேசினோம். டீச்சரின் முறையை நான் விளக்கினேன். முதல் உலகப் போருக்குப் பிறகே ஐரோப்பாவில் படித்தவர்கள் பலர் பள்ளிப் புத்தகங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று திருத்திக்கொள்ள வேண்டும் என்று எழுதியதை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பச்சையம்மாள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“நீங்க பெரிய படிப்பெல்லாம் படிச்சிக்கிறீங்க. நான் எட்டாவது. ஆனா நான் போர்ல நின்னவன்” என்றார் மாணிக்கம். “எம்பொண்ணு எழுதினத எங்கிட்ட படிச்சுக் காட்டினா. எங்க ஊர எரிச்சிட்டாங்க, எங்கப்பா செத்துட்டாரு, ஆனாலும் நான் அவங்கள மன்னிச்சிட்டேன்னு எழுதிக்கிறா. யார் அப்பா சார் செத்தது? நான் இங்கதான உக்காந்துனு கீறேன்? எரிஞ்ச ஊர அவ கண்ணால பாத்தாளா? பாக்காத வலிய பாத்தாப்போல எழுதினா அது பொய். மார்க்குக்காக மன்னிக்கறதும் பொய். தேசப்பற்றுன்னு மனுவுல எழுதினது வக்கீல் குமாஸ்தா. எனக்கு இதான் ஜாஸ்தியா உறுத்துது.”

மனுவைத் திரும்பப் பெறச் சொல்லி நான் கேட்கவில்லை. மோரைக் குடித்துவிட்டு எழுந்தேன். மாணிக்கம் பஸ் ஏறும் இடம்வரை வந்து வழியனுப்பினார்.

அன்று மாலை ஐந்தரை மணிக்குக் கனகவல்லி டீச்சர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு நோட்டைத் திறந்து, சிங்களத்தில் என்ன இருக்கிறது, நான் என்ன எழுதினேன் என்று வரி வரியாகக் காட்டினேன். மூன்று நோட்டுகளுக்குப் பிறகு, போதும் என்று கை காட்டினார். சற்று நேரம் அடுப்படிப் பக்கம் போய்விட்டு வந்தார்.

“அப்போ ரெண்டு வருஷமா பிள்ளைங்களுக்கு நான் நடத்தினது உங்கள” என்றார்.

கோபமாகப் பேசியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். நாளைக்குச் சிங்களத்தில் இருக்கிறபடியே படித்துக்காட்டிவிடலாம் என்றார். அப்படிப் படித்தால் வேலை போய்விடுமே என்றேன். “போவும்னுதான் தோணுது. ஆனா நீங்க எழுதினதப் படிச்சு வேல தப்பிச்சா, நாளைக்கு நான் எத நடத்தறது சார்?” என்றார். முந்தின இரண்டு நாளும் அவர் எனக்குக் காபி தந்தார், அன்று தரவில்லை.

திங்கட்கிழமை. தாளாளர் அறை. தாளாளர் ஏகாம்பரத்துக்கு எண்ணெய் ஆலை இருக்கிறது. சட்டையிலும் அந்த வாசனை. கனகவல்லி டீச்சர், மாணிக்கம், அவருக்குப் பின்னால் பச்சையம்மாள், நான். வெளியே மைதானத்தில் அணிவகுப்புப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. லெஃப்ட், ரைட் என்ற குரல் ஜன்னல் வழியாக வந்து போனது.

“டீச்சரம்மா, எனக்கு சரித்திரம் தெரியாது. மல்லாட்டதான் தெரியும்” என்று தொடங்கினார் தாளாளர். “நாளான்னிக்குக் கொடி ஏத்தணும். அதுக்குள்ள இத முடிச்சிடலாம். அந்த ஊருப் பசங்க இன்னா எழுதிக்கிறாங்க, படிங்க.”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, தமிழில் நான் எழுதியது சரியல்ல என்றும், இப்போது சிங்களத்தைப் பார்த்து நேராகவே சொல்லப்போகிறேன் என்றும் சொன்னேன். தாளாளருக்குப் புரிய இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும், “அடேயப்பா” என்று நாற்காலியில் சாய்ந்தார்.

முதல் நோட்டு. சோழர் படையின் வீரத்தைப் பற்றி ஒரு பையன் எழுதியது. அதற்குக் கீழே: ‘எங்கள் விகாரைகளை உடைத்துப் பொன்னை எடுத்துக்கொண்டு போனீர்கள். இதை வீரம் என்று எழுதியிருக்கிறாய். உன் வீட்டில் ஒருவன் இப்படிச் செய்தால் அவனுக்கு என்ன பெயர் வைப்பாய்?’

தாளாளரின் முகம் சிவந்தது. ராஜராஜனையா திருடன் என்கிறார்கள் என்று கேட்டார். இதைப் போய்ப் பிள்ளைகள் கையில் கொடுப்பார்களா என்று டீச்சரிடம் கேட்டார். டீச்சர் சொன்னது இவ்வளவுதான்: நம் பிள்ளை எழுதியதை அவர்கள் படித்தார்கள், அவர்கள் எழுதியதை நாம் படிக்கிறோம், இதில் கொடுத்தது யார், வாங்கியது யார்? மூன்றாவது நோட்டிலேயே தாளாளர் போதும் என்றார். டீச்சர், பச்சையம்மாளின் நோட்டு ஒன்றை மட்டும் படிக்கட்டும் என்றார். அது அவள் நோட்டு; அவள் கேட்டிருக்கிறாள்.

நான் படித்தேன். ஒன்பது வரிகளும்.

‘தோழி, நீ நானாக எழுதியிருக்கிறாய். கடைசியில் சோழர்களை மன்னித்துவிட்டதாகச் சொல்கிறாய். எங்களுக்காக நீ மன்னிக்க வேண்டாம். அதை நாங்கள் செய்தாலும் செய்வோம், செய்யாமலும் இருப்போம். நீ உன் ஊரிலிருந்து எழுது. எனக்கு உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் அரசர் மகிந்தரை உங்கள் நாட்டுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். பன்னிரண்டு வருடம் அங்கே இருந்து அங்கேயே இறந்தார் என்று எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. அத்தனை வருடம் அவருக்கு யார் சோறு போட்டார்கள்? உங்கள் புத்தகத்தில் அது இருக்கிறதா?’

இந்த இடத்தில்தான் நான் தமிழில் ‘அழகாக எழுதியிருக்கிறாய்’ என்று எழுதியிருந்தேன்.

பச்சையம்மாள் மெதுவாக, “நம்ம புத்தகத்துல இல்ல டீச்சர்” என்றாள்.

மாணிக்கம் எழுந்து நின்றார். தாளாளரிடம் பேசுவார் என்று நினைத்தேன். மகளிடம் பேசினார்.

“நான் போட்டிருக்கேன்.”

தாளாளர் நிமிர்ந்தார். “இன்னா மாணிக்கம்?”

“எழுபத்தொண்ணு பாகிஸ்தான் சண்டை முடிஞ்சு கைதிங்கள வடக்க ஒரு முகாம்ல வெச்சிருந்தாங்க. எட்டு மாசம் எனக்கு அங்க காவலு. ரொட்டி குடுக்கறது எங்க வேல. எங்கூட இருந்தவன் ஒருத்தன் சண்டையில போய்ட்டான் ஐயா. எம்பக்கத்துலியே. அந்தக் கோவத்துல மொத வாரம் ரொட்டிய தரையில வீசுவேன். ஒருத்தன் இருந்தான், என் வயசு. எடுத்து, மண்ணத் தட்டிட்டு, ஒண்ணும் பேசாம துன்னுவான். ஒரு நாளு தட்டுல வெச்சேன். ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. அப்பறம் எல்லா நாளும் தட்டுலதான்.” மகள் பக்கம் திரும்பினார். “இத நான் வீட்ல சொன்னதில்ல.”

பச்சையம்மாள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே அணிவகுப்பைக் கலைத்துவிட்டார்கள். பிள்ளைகள் தண்ணீர்க் குழாய்க்கு ஓடும் சத்தம் கேட்டது.

தாளாளர், அப்படியானால் மனுவை வாபஸ் வாங்குகிறாயா என்று கேட்டார். மாணிக்கம் தலையை ஆட்டினார், இல்லை என்று. இன்னொருத்தர் வேஷம் போட்டு எழுதுவது இப்போதும் தனக்குப் பிடிக்கவில்லை, அந்த ஊர்ப் பெண்ணுக்கும் பிடிக்கவில்லை, அதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். பிள்ளைகள் அவரவராக எழுதட்டும். அவர்கள் கேட்பதற்குப் பதில் எழுதட்டும். டீச்சரைத் தொட வேண்டாம்.

தாளாளர் நீண்ட நேரம் மேசைக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். பாட நேரத்தில் இது கூடாது. சனிக்கிழமை, மணி அடித்த பிறகு, விருப்பப்பட்ட பிள்ளைகள் மட்டும். ஏதாவது வம்பு வந்தால் பள்ளிக்கூடத்துக்குச் சம்பந்தமில்லை. டீச்சர் வேலையில் தொடரலாம். இவ்வளவையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னிடம் மட்டும், “நீங்க இனிமே எதையும் விடாம எழுதுங்க சார். விட்டா எங்களுக்குத் தெரியாமலா போயிடும்?” என்றார். ஆலையில் சரக்கு இறங்கும் நேரம் என்று கிளம்பிவிட்டார்.

கனகவல்லி டீச்சர் அந்தக் காகிதத்தைப் படிக்காமலே மடித்துப் பைக்குள் வைத்தார். முப்பத்தொரு பேரில் எத்தனை பேர் சனிக்கிழமை மணி அடித்த பிறகு தங்குவார்கள் என்று கேட்டேன். “நாலு பேர் தங்கினா நாலு பேர்” என்றார்.

நாங்கள் வெளியே கிளம்பினோம். மாணிக்கம் நகரவில்லை. அந்தப் பெண்ணுக்கு இப்போதே பதில் எழுதிவிடலாமா என்று கேட்டார். புதன்கிழமை நான் ஊருக்குக் கிளம்புவதை மகள் அவரிடம் சொல்லியிருக்கிறாள். டீச்சர் ஒரு புது நோட்டைக் கொண்டுவந்தார். பச்சையம்மாள் மேசையில் எழுத உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் அமர்ந்து, அவள் தமிழில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் கீழே சிங்களத்தில் எழுதினேன்.

முதலில் அவள் தன்னிடம் கேட்ட கேள்விக்கான பதிலை எழுதினாள்: எங்கள் புத்தகத்தில் உங்கள் அரசரின் சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் இல்லை, அவர் பெயரே ஒரு தரம்தான் வருகிறது, உங்களைப்போல் எழுதியது தவறு. பிறகு அப்பா சொல்லச் சொல்ல எழுதினாள். உங்கள் அரசருக்கு யார் சோறு போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் காவல்காரனாகத்தான் இருப்பான், நானும் ஒரு காவல்காரன் என்று தொடங்கினார். ரொட்டியைத் தரையில் வீசியதைச் சொல்லும் இடத்தில் அவள் பேனாவை நிறுத்தி, “இதையுமாப்பா?” என்றாள். இதையும் என்றார். நான் அந்த வரியைச் சிங்களத்தில் எழுதினேன். ‘வீசினேன்’ என்பதற்கு மென்மையாக ஒரு சொல் உண்டு. அதைப் போடவில்லை.

கடைசியில் மாணிக்கம் சொன்னார்:

“எட்டு மாசம் ரொட்டி குடுத்தேன். அவன் பேர நான் கேக்கல. அவனும் என் பேரக் கேக்கல. இத எழுதிக்கோ.”

எழுதினாள். நானும் எழுதினேன். முடிந்ததா என்று டீச்சர் கேட்டார். மாணிக்கம் என் பக்கம் திரும்பினார்.

“சார், இதக் கேட்ட பொண்ணு பேரு இன்னா?”

“குசுமா” என்றேன். பதின்மூன்று வயது, சோமாவதி டீச்சர் வகுப்பு, ஸ்டேஷன் பக்கத்தில் வீடு.

“மேல எடம் விட்டிருக்கியாம்மா?” என்று மகளைக் கேட்டார். விட்டிருந்தாள். “அங்க மொதல்ல அந்தப் பேர எழுது” என்றார்.